எஞ்சினில் உள்ள கிளட்ச் ஆர்ம் பேரிங்கை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்ட் பைக் ஓட்டுபவர்களும், அவற்றைப் பழுதுபார்க்கப் பழகிவரும் இளம் மெக்கானிக்குகளும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். கேபிளால் இயங்கும் கிளட்ச் கொண்ட எஞ்சின்களைப் பற்றியே இங்கு பேசப்படுகிறது. அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். இங்குள்ள எண்ணும் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்றவும்.

கிளட்ச் லீவர் பேரிங் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரிலா, எஞ்சினிலா?

எஞ்சினில் இருப்பதைத்தான். ஹேண்டில்பார் லீவரை இழுக்கும்போது கேபிளின் மறுமுனை எஞ்சின் மேல் இருக்கும் சிறிய ஆர்ம் ஒன்றை இழுக்கிறது. குழப்பம் வராமலிருக்க அதை இனிமேல் கிளட்ச் ஆர்ம் என்றே குறிப்பிடுகிறேன். அந்த ஆர்ம் ஒரு ஷாஃப்டின் தலையில் இருக்கிறது. ஷாஃப்ட் சில டிகிரி திரும்பியதும் அதன் கீழ்ப்பகுதியில் வெட்டப்பட்ட பள்ளம் புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளுகிறது. புஷ் ராடு, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டைத் தள்ளி அவற்றை விடுவிக்கிறது. இந்த ஷாஃப்டைத் தாங்குபவை, ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங்குகள், பெரும்பாலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு. மேல் பேரிங்குக்கு மேலே, வெளிச்சேற்றைத் தடுத்து உள் ஆயிலைக் காக்க ஓர் ஆயில் சீல் உண்டு.

ஹேண்டில்பார் லீவரின் போல்ட்டிலும் புஷ் (bush) எனும் உலோக வளையமோ சிறு பேரிங்கோ இருக்கலாம். அதை மாற்றுவது சில நிமிட வேலை என்பதால் இங்கு விரிவாக எழுதவில்லை.

என் வண்டியில் இது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கிளட்ச் லீவரின் அருகே எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் அது ஹைட்ராலிக் கிளட்ச். அங்கு சிலிண்டரே புஷ் ராடை நேராகத் தள்ளுவதால் இந்த ஷாஃப்டும் இல்லை, பேரிங்கும் இல்லை. கேடிஎம் நிறுவனத்தின் பெரிய டர்ட் பைக்குகள் நெடுங்காலமாக அப்படித்தான் வருகின்றன. காவசாகி கேஎக்ஸ்450 வண்டி 2019 மாடலிலும், ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் 2021 மாடலிலும் ஹைட்ராலிக்குக்கு மாறின. அதற்கு முந்தைய மாடல்களில் கேபிள்தான்.

கேபிள் வண்டிகளிலும் இரண்டு விதம் உண்டு. யமஹா ஒய்இசட்250எஃப் போன்றவற்றில் ஷாஃப்ட் எஞ்சினின் உடலான கிராங்க்கேஸில் நிற்கிறது. புஷ் ராடு, கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டின் நடுத்துளை வழியாகக் கிளட்சை அடைகிறது. வேறு சில எஞ்சின்களில் ஆர்ம், ஷாஃப்ட், பேரிங் எல்லாமே கிளட்ச் கவரிலேயே இருக்கும். இரண்டாவது வகை வேலைக்கு எளிது, ஏனெனில் கவரைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள பதில்கள் கடினமான முதல் வகையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

முழுசாகச் சுற்றாத பேரிங் எப்படித் தேயும்?

முழுதாகச் சுற்றாததுதான் காரணம். சக்கரத்தில் இருக்கும் பேரிங் சுற்றும்போது ஒவ்வோர் உருளையும் புதிய இடத்தைத் தொட்டு, ஆயில் படலத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. கிளட்ச் ஆர்ம் சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் ஆடுவதால் அதே ஊசிகள் அதே இடத்தையே அழுத்துகின்றன. இடையில் இருந்த ஆயில் பிதுங்கி வெளியேறினால் திரும்ப வர வழியில்லை. கேபிளின் இழுவை எப்போதும் ஒரே திசையில் இருப்பதால் பேரிங்கின் ஒரு பக்கம் மட்டும் சுமை தாங்குகிறது.

இதோடு தண்ணீர் சேர்ந்துகொள்கிறது. மேல் பேரிங் ஆயில் தெறிக்கும் இடத்திலிருந்து விலகி, சேற்றுக்கு மிக அருகில் இருப்பதால் அதுதான் பெரும்பாலும் முதலில் போகிறது. பந்தயம் முடிந்ததும் பிரஷர் வாஷரை ஆர்முக்கு நேராகப் பிடித்துக் கழுவும் பழக்கம், என் கணிப்பில், ஓட்டத்தைவிட அதிகமாகப் பேரிங்கைக் கெடுக்கிறது. சீல் எஞ்சினிலிருந்து வரும் ஆயிலையும், தெறிக்கும் சேற்றையும் தடுக்கவே அமைக்கப்பட்டது. வெளியிலிருந்து வேகமாகப் பாயும் நீர்த்தாரையை அது தாங்காது.

லீவர் கனமாக இருந்தாலே பேரிங் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. கனமான லீவருக்கு முதல் காரணம் கேபிள்தான். ஆர்ம் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு ஹேண்டில்பார் லீவரை இயக்கிப் பாருங்கள். அப்போதும் சொரசொரப்பாகவோ பிடித்தோ நகர்ந்தால் கேபிளையோ லீவரின் போல்ட்டையோ கவனியுங்கள். எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

கேபிள் சுலபமாக ஓடினால், கழன்று நிற்கும் ஆர்மைக் கையால் பிடித்து இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலில் மெதுவாகத் திருப்புங்கள்: புஷ் ராடைத் தொடும்வரை அது தடையின்றி, ஒரே சீராகத் திரும்ப வேண்டும். இடையிடையே சிறு படிகளில் விழுந்து எழுவதுபோல் உணர்ந்தால் ஊசிகள் ஷாஃப்டில் வரி பதித்துவிட்டன. அடுத்து ஆர்மை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஷாஃப்டின் தலை குழிக்குள் கண்ணுக்குத் தெரியுமளவு அசைந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. மேலும் கீழுமாகச் சிறிது அசைவது பல எஞ்சின்களில் இயல்பு. அதைத் தேய்மானமாகக் கணக்கிட வேண்டாம்.

ஆயில் சீலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு மாதத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. மட்டமான சீலா?

சீல் நல்லதாகவே இருக்கலாம். சீலின் உதடு, ஷாஃப்ட் நடுவில் நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் சாயும்போது, லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உதட்டின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறக்கிறது. ஆயில் அந்த வழியே வெளியே வருகிறது, தூசி அதே வழியே உள்ளே போகிறது. உள்ளே போன தூசி பேரிங்கை இன்னும் தேய்க்கிறது.

ஆகவே ஆர்ம் அடியில் ஒழுகல் தெரிந்தால் சீலை மட்டும் மாற்றி முடித்துவிடக் கூடாது. முந்தைய கேள்வியில் சொன்ன அசைவுச் சோதனையைச் செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பேரிங், சீல் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே இந்த வேலையை ஒரே முறையில் முடிக்கும் வழி. ஷாஃப்டில் சீல் உதடு உரசும் இடத்தில் துருவோ பள்ளமோ இருந்தால் அதுவும் ஒழுகலுக்குக் காரணமாகும்.

லீவரில் ப்ளே தானாகவே மாறிக்கொண்டே இருக்கிறது. இதுவும் பேரிங்தானா?

ப்ளே என்பது கிளட்ச் இயங்கத் தொடங்கும் முன் லீவரில் இருக்கும் வெற்று அசைவு. அது கூடுகிறதா, குறைகிறதா என்பதைப் பொறுத்தது. புஷ் ராடு வகை எஞ்சினில் பிளேட்டுகள் தேயும்போது பிரஷர் பிளேட் உள்நோக்கி நகர்ந்து புஷ் ராடை ஷாஃப்ட் பக்கமாகத் தள்ளுகிறது. அதனால் லீவரில் ப்ளே குறைந்துகொண்டே வரும். மாறாக ஷாஃப்ட், பேரிங், புஷ் ராடின் முனைகள் ஆகியவை தேய்ந்தாலோ கேபிள் நீண்டாலோ ப்ளே கூடிக்கொண்டே வரும். குறைந்தால் பிளேட்டைப் பாருங்கள். கூடினால் தள்ளும் பாகங்களைப் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. இரண்டும் சேர்ந்து தேய்ந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, ப்ளே சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதிகம் ஓடிய வண்டியில் ப்ளே மாறவில்லை என்பதை வைத்து மட்டும் எல்லாம் நலம் என்று முடிவுகட்ட முடியாது.

இப்படியே கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஓட்டலாம், எஞ்சின் உடனே நின்றுவிடாது. ஆனால் மாற்ற வேண்டியது பேரிங் மட்டுமாக இருக்கும் நிலையிலிருந்து, ஷாஃப்டும் பிறகு கிராங்க்கேஸ் குழியும் சேரும் நிலைக்கு அது போய்க்கொண்டிருக்கும். ஊசிகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து அவை உதிரத் தொடங்கினால் கதையே வேறு. அதைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வி உள்ளது.

இதற்காக எஞ்சினைப் பிளக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வண்டியை, குறிப்பாக ஆர்மைச் சுற்றியுள்ள பகுதியை, நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். திறந்த குழிக்குள் மண் விழுந்தால் அது நேராகக் கியர்களுக்குப் போகும். ஆயிலை வடித்துவிடுங்கள். வண்டியைச் சாய்த்துவைத்து ஆயிலை வடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் உண்டு; கிளட்ச் பிளேட் மாற்ற அது போதும், ஆனால் உலோகத் துகள் விழக்கூடிய இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளட்ச் கவரைத் திறந்து, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பிரஷர் பிளேட்டை எடுங்கள். பிறகு புஷ் ராடை வெளியே இழுங்கள். புஷ் ராடு ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை ஷாஃப்ட் மேலே வராது. சுத்தியலால் தட்டி வாங்க முயல்பவர்கள் பள்ளத்தின் விளிம்பைக் கெடுக்கிறார்கள். புஷ் ராடு இரண்டு துண்டுகளாகவும் நடுவே ஒரு சிறு இரும்புக் குண்டோடும் இருந்தால், காந்தத்தால் அந்தக் குண்டை எடுத்து எந்த வரிசையில் வந்தது என்று குறித்துவையுங்கள். கடைசியாக ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட்டையோ தகட்டையோ கழற்றி, ஷாஃப்டை மெல்லத் திருப்பிக்கொண்டே மேலே இழுங்கள்.

பழைய பேரிங் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரீஸ் அடைத்து அடித்தால் வரும் என்கிறார்களே?

அடிப்பக்கம் மூடிய குழியில் அது அருமையான உத்தி. இங்கே குழியின் அடி, புஷ் ராடு செல்லும் பாதைக்குத் திறந்திருப்பதால் அழுத்தம் நிற்காது. அடிக்கும் கிரீஸெல்லாம் எஞ்சினுக்குள் போகும். ஈரக் காகிதத்தை அடைத்து அடிக்கும் முறைக்கும் இதே கதிதான்.

சரியான கருவி உட்புறம் விரியும் புல்லர். பேரிங்கின் துளைக்குள் நுழைத்து, அடிவிளிம்புக்குக் கீழே அதன் உதடுகளை விரித்து, பின்பக்கம் உள்ள நழுவும் எடையை மேல்நோக்கித் தட்டினால் பேரிங் எழுந்து வரும். அதற்கு முன் சீலைக் கொக்கியால் எடுத்துவிட்டு, பேரிங் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை டெப்த் வெர்னியரால் அளந்து எழுதிவையுங்கள். இந்த அளவு இல்லாமல் பேரிங்கை எடுத்துவிட்டு, புதியதை எங்கே நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில் கிடையாது. இரண்டு பேரிங்குகளுக்கும் தனித்தனி அளவு வேண்டும்.

கேஸைச் சூடாக்குவது கட்டாயமா? எவ்வளவு?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் ஏறக்குறைய எஃகைப்போல் இருமடங்கு விரிகிறது. 14 மில்லிமீட்டர் குழியை 80 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் குழி சுமார் 0.025 மில்லிமீட்டர் அகலமாகும். புதிய பேரிங்கை ஃப்ரீஸரில் வைத்து 50 டிகிரி குளிர்வித்தால் அது சுமார் 0.008 மில்லிமீட்டர் சுருங்கும். இரண்டும் சேரும்போது இறுக்கப் பொருத்தம் வெகுவாகத் தளர்ந்து, பேரிங் லேசான தட்டுக்கே உள்ளே போகிறது. பழையதைக் கழற்றும்போது பேரிங்கும் சேர்ந்து சூடாவதால் ஏறக்குறைய பாதி இலாபமே கிடைக்கும். எனவே வெளிப்புற உலோகத்தை விரைவாகச் சூடாக்கி, வெப்பம் பேரிங்குக்குப் பரவும் முன் இழுப்பது நல்லது.

ஹீட் கன் போதும். ஒரு துளி நீரை விட்டால் சீறிக் கொதித்து மறையும் அளவு வெப்பம் வந்ததும் நிறுத்துங்கள். வெல்டிங் தீச்சுடரைக் காட்டுவது அலுமினியத்தை ஓரிடத்தில் மட்டும் அதிகம் சூடாக்கிக் கோணலாக்கும். பெட்ரோல் டேங்கை முதலிலேயே வண்டியிலிருந்து கழற்றி அப்புறப்படுத்துங்கள்.

புதிய பேரிங்கை எந்தப் பக்கமாக வைத்து அடிக்க வேண்டும்?

எண் பொறித்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். கருவி அந்த விளிம்பையே தள்ள வேண்டும். இந்தப் பேரிங்கின் வெளிக்கூடு மெல்லிய தகட்டால் ஆனது. சாக்கெட்டை வைத்தோ, தட்டையான இரும்பை வைத்தோ அடித்தால் விளிம்பு உள்ளே மடங்கி ஊசிகளைப் பிடித்துக்கொள்ளும். படி வெட்டிய ஒரு மாண்ட்ரல்தான் வேண்டும்: அதன் நுனி பேரிங்கின் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், தோள் வெளிவிளிம்பைத் தள்ளும், உடல் குழியைவிடச் சற்றே சிறிதாக இருக்கும். எந்த லேத் பட்டறையிலும் இதைக் கடைந்து தருவார்கள்.

முதலில் கீழ்ப் பேரிங், பிறகு மேல் பேரிங், இரண்டும் நீங்கள் எழுதிவைத்த ஆழத்துக்கு. கேஸில் ஆயில் துளை இருந்தால் பேரிங் அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் ஆறிய பிறகே சீலைப் பொருத்த வேண்டும். பேரிங்குக்கு எஞ்சின் ஆயிலும், சீலின் உதட்டுக்கு லித்தியம் கிரீஸும் தடவி, ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். பள்ளத்தின் கூர்விளிம்பு உதட்டைக் கீறாதிருக்க ஷாஃப்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

கம்பெனி பார்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது. பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கலாமா?

வாங்கலாம், மூன்று அளவுகளும் பொருந்தினால். இருபுறமும் திறந்த இவ்வகைப் பேரிங்குகள் எச்கே என்ற எழுத்துகளோடும், ஒரு முனை மூடியவை பிகே என்ற எழுத்துகளோடும் வருகின்றன. எச்கே1012 என்றால் துளை 10, அகலம் 12 மில்லிமீட்டர். வெளிவிட்டம் எண்ணில் இல்லை, அது 14. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எச்கே1210, எச்கே1212 இரண்டுக்கும் துளை 12தான், ஆனால் முதலாவதின் வெளிவிட்டம் 16, இரண்டாவதன் வெளிவிட்டம் 18.

கையில் எடுத்து ஷாஃப்டில் மாட்டிப் பார்த்து, லூசாக இருக்கிறது என்று நிராகரிக்க வேண்டாம். மெல்லிய கூடு குழிக்குள் இறுகிய பிறகுதான் சரியான வட்டத்தையும் அளவையும் அடைகிறது.

ஷாஃப்டில் கோடுகள் விழுந்திருக்கின்றன. எமரித் தாளால் தேய்த்துவிட்டால் போதாதா?

போதாது. இந்தப் பேரிங்கில் தனியாக உள்வளையம் கிடையாது. ஊசிகள் ஷாஃப்டின் மேலேயே உருள்கின்றன. எனவே பேரிங்கின் பாதி ஷாஃப்ட்தான் என்று சொன்னால் மிகையாகாது. கோடு மறையும்வரை தேய்த்தால் விட்டம் குறையும். கடினமாக்கப்பட்ட மேல்தோலும் போய்விடும். நகத்தால் வருடும்போது நகம் தடுக்கினால் ஷாஃப்டை மாற்றுங்கள். நிறம் மட்டும் மாறி, நகத்துக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால் பயன்படுத்தலாம்.

குழியே லூசாகிவிட்டது, பேரிங் கையாலேயே உள்ளே போகிறது. கேஸை மாற்ற வேண்டியதுதானா?

கூடு சுற்றிச் சுற்றிக் குழியைத் தேய்த்திருக்கிறது. தேய்மானம் மிகச் சிறிதென்றால், குழியையும் பேரிங்கையும் ஆயில் பிசுக்கின்றித் துடைத்து, லாக்டைட் 641 போன்ற பேரிங் பிடிப்புப் பசையை மெல்லப் பூசிப் பொருத்தலாம்; ஊசிகள்மேல் ஒரு துளியும் படக் கூடாது. அதற்கும் மேல் தேய்ந்திருந்தால் குழியைப் பெரிதாக்கி ஸ்லீவ் எனும் உள்ளுறை வளையத்தை அடிக்க வேண்டும். மேற்சொன்னபடி, சரியான அளவை அடையக் குழியின் இறுக்கத்தை நம்பியிருக்கும் பேரிங் என்பதால், பசை எப்போதும் இரண்டாம் தரத் தீர்வுதான்.

பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் கடைந்து போட்டால்?

வேலை செய்யும். மெதுவாக, சிறு கோணத்தில் ஆடும் ஷாஃப்டுக்குப் புஷ் தவறான தீர்வல்ல. லீவர் சற்றுக் கனமாகும், துளை ஒரே நேர்க்கோட்டில் இல்லையென்றால் ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளும். பார்ட் கிடைக்காத பழைய வண்டிக்குச் சரி. பந்தய வண்டிக்கு நான் போட மாட்டேன்.

கழற்றும்போது ஊசி ஒன்றிரண்டு உள்ளே விழுந்துவிட்டது. ஆயிலோடு வந்துவிடுமா?

வந்துவிடும் என்று நம்பி எஞ்சினைச் சுற்றவிடாதீர்கள். கிக்கரைக்கூட மிதிக்க வேண்டாம். கடினமான எஃகு ஊசி இரு கியர்ப் பற்களுக்கு நடுவே அகப்பட்டால் பல் உடையும், கேஸும் பிளக்கலாம். மீட்ட ஊசிகளையும், பேரிங்கில் ஒட்டியிருப்பவற்றையும் சேர்த்து எண்ணி, புதிய பேரிங்கின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வளையும் காந்தக் குச்சியைக் குழியிலும் புஷ் ராடு பாதையிலும் விட்டுத் தேடுங்கள். பிறகு ஆயில் வடிக்கும் துளை வழியாகவும், திறந்திருக்கும் கிளட்ச் பக்கமாகவும் தேடுங்கள். எண்ணிக்கை சேராவிட்டால் எஞ்சினைப் பிளப்பதைத் தவிர வழியில்லை.

2016 வரையிலான ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் போல எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் தனித்தனியாக உள்ள வண்டியில், ஊசி கியர் பக்கத்திலேயே தங்குவதால் தேடும் இடமாவது குறையும்.

எல்லாம் மாற்றியாயிற்று, ஆனாலும் லீவரைப் பிடித்தபடி கியரில் போட்டால் கிளட்ச் இழுக்கிறது. என்ன விட்டுப்போயிற்று?

முதலில் கேபிளின் ப்ளேயைச் சரிசெய்யுங்கள். பழைய தேய்மானத்துக்கு ஏற்ப அமைத்த அளவு இப்போது பொருந்தாது. புதிய பேரிங்கில் ஆர்ம் நிற்கும் இடமே மாறியிருக்கும். அடுத்து, புஷ் ராடின் முனைகளையும் நடுவிலுள்ள குண்டையும் பாருங்கள். முனை காளான்போல் விரிந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், பிரஷர் பிளேட்டை ஒட்டிய த்ரஸ்ட் பேரிங்கும் சூடேறியிருக்கிறது என்று பொருள். அதையும் ராடையும் சேர்த்து மாற்றுங்கள்.

அங்கும் குறையில்லையென்றால், பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் கிளட்ச் பாஸ்கெட்டின் விரல்களைத் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் அவற்றில் பள்ளம் வெட்டியிருந்தால், பிளேட்டுகள் அந்தப் பள்ளங்களில் சிக்கி விலக மறுக்கும். இந்தக் கோளாறு லீவரில் படி விழுவதுபோன்ற உணர்வையும் தரும் என்பதால், பேரிங்கின் மேல் பழி போடப்படுவதும் உண்டு. கேபிளைக் கழற்றி ஆர்மைத் திருப்பும் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். கடைசியாக, ஸ்பிரிங் போல்ட்டுகள் பல எஞ்சின்களில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளே, இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும்; ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் இறுகியிருந்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து எழும்பும், கிளட்சும் முழுதாக விடாது.